யார் மனமும் நோகாத பாட்டு

விளையாட்டு விழாவில் ஓடுவது என்னவோ பிள்ளைகள்தான். மூச்சு வாங்குவது அவர்களுக்குப் பாட்டுத் தேடிய டீச்சருக்கு.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. எடுக்கும் சகோதரிகளே, உங்களிடம் இதை நான் விளக்க வேண்டியதில்லை. பெரிய வகுப்புக்கு ஓட்டம், கயிறு இழுத்தல், குண்டு எறிதல் என்று ஏதாவது இருக்கும். விளையாட்டு மாஸ்டர் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு நின்றால் போதும். நம் பிள்ளைகளுக்கு மட்டும் டான்ஸ். விளையாட்டு விழாவில் எதற்கு டான்ஸ் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். "சின்னப் பிள்ளையள் ஆடல்லன்னா தாய் தகப்பன்மாரு யாரு வருவாவ?" என்றார்கள். அதோடு கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடம் மணவாளக்குறிச்சியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் ஒரு வேன் கடற்கரையிலிருந்து வரும், இன்னொன்று தென்னந்தோப்புப் பக்கமிருந்து வரும். சர்ச், அம்மன் கோயில், அய்யா பதி, பள்ளிவாசல் என்று எல்லாத் திசையிலிருந்தும் பிள்ளைகள் வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றின் டிபனில் இன்னொன்று கையை விடும். அவர்களுக்குள் ஒரு வம்பும் கிடையாது. வம்பு எல்லாம் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் அன்றைக்குத்தான் தொடங்கும்.

வாயில் வைத்த விரல்

இந்த வருஷம் பாட்டு முடிவாகும் முன்னமே ஒரு சிபாரிசு வந்துவிட்டது. வந்தது ஷைனியின் அம்மா. ஷைனி என் யு.கே.ஜி. பிள்ளை. கறுத்த, மெலிந்த, துறுதுறுவென்ற உருவம். பெஞ்சில் யாராவது தாளம் தட்டினால் அவள் தோள் தானாக ஆடும். ஆனால் சொன்ன சொல் மீற மாட்டாள். "வாயில விரல்" என்று ஒருநாள் சொல்லிவிட்டு எடுக்கச் சொல்ல மறந்துபோனேன். வேனில் ஏறி, கடற்கரையில் இறங்கி, வீடு போய்ச் சேர்ந்தும் பிள்ளை விரலை எடுக்கவில்லையாம். மிஸ் எடுக்கச் சொல்லவில்லை என்று சைகையிலேயே சொல்லியிருக்கிறது.

அவள் அப்பா வளைகுடாவில் யாரோ ஒரு அரபிக்காரரின் போட்டில் மீன் பிடிக்கிறவர். பிள்ளை தவழும்போது போனவர். இடையில் ஒருமுறை வந்தபோது, யாரோ அந்நிய ஆள் என்று நினைத்து ஷைனி அலறிய அலறலில் மனுஷன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். கடலில் இருக்கும்போது போன் எடுக்காது, கரைக்கு வந்தால்தான் பேச்சு. இந்தத் தடவை மகளின் விழாவைப் பார்க்கவென்றே லீவு கேட்டு வாங்கி, அன்று காலையில்தான் திருவனந்தபுரத்தில் இறங்குகிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே அந்த அம்மா கேட்டாள்: "முன்னால கொஞ்சம் நிறுத்துவியளா மிஸ்? அவிய கண்ணுல பிள்ள படணும், வேற ஒண்ணும் வேண்டாம்."

மயிலும் நட்சத்திரமும்

முன்வரிசை, நடு இடம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். சிபாரிசே இல்லாவிட்டாலும் அவளைத்தான் நிறுத்தியிருப்பேன். இனி பாட்டு. சாமி பெயர் வரக்கூடாது, அது எனக்குத் தெரியும், நான் ஒன்றும் நேற்றுப் பிறந்தவள் இல்லை. தோகை விரித்து ஆடும் மயிலைப் பற்றி ஒரு பாட்டு. மழை வருகிறது, மயில் ஆடுகிறது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் ஒரு தகப்பனார் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். கோபம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "மழைன்னு சொல்லுகிய, மேகம்ன்னு சொல்லுகிய. மயிலு யாருக்க வண்டின்னு எங்களுக்குத் தெரியாதா மிஸ்?"

செரி, மயில் வேண்டாம். வானத்துக்குப் போனேன். மின்னும் நட்சத்திரங்கள், கையை மேலே தூக்கி விரலை ஆட்டினால் போதும், பிள்ளைகளுக்கும் சுகம். இரண்டு நாள் பழக்கியிருப்பேன். இந்தத் தடவை வேறொரு தகப்பனார், வேறொரு பைக், சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. "நட்சத்திரம் எந்த மாசத்துல யாரு வீட்டு வாசல்ல தொங்கும்ன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்ககிட்டயா மிஸ்?"

நான் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவள் என்று இரண்டு தரப்பும் தனித்தனியாக விசாரித்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கலா என்ற என் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை போலிருக்கிறது. எங்கள் ஆயா தங்கக்காவிடம் கேட்டிருக்கிறார்கள். தங்கக்கா சொன்ன பதிலுக்காக அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்கலாம்: "அவிய மாசக் கடைசியில மட்டும் எல்லாச் சாமியையும் கும்பிடுவாவ."

துடுப்பு

வானமும் வேண்டாம், காடும் வேண்டாம், கடலுக்குப் போவோம் என்று முடிவு செய்தேன். அலை, வள்ளம், துடுப்பு. இதில் யார் என்ன குற்றம் கண்டுபிடிப்பார்? அட்டையில் துடுப்பு வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். ஷைனியைப் பார்க்க வேண்டுமே! யாரும் சொல்லித்தராமலே முழங்காலை மடக்கி, முதுகைச் சாய்த்து, உண்மையாகவே தண்ணீரைத் தள்ளுவது மாதிரி வலித்தாள். அவள் அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அவிய பாத்தா குளுந்துபோவாவ" என்றாள். அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். அந்த நிம்மதி மறுநாள் பத்து மணியோடு போயிற்று.

கடற்கரை வேன் பிள்ளைகளின் பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து வந்தார்கள். அவர்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. அதில் பெரியவராக இருந்தவர் ஒரு அட்டைத் துடுப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் உள்ளங்கை காய்ப்புக் காய்த்து மரப்பட்டை மாதிரி இருந்தது. மயிலுக்கும் நட்சத்திரத்துக்கும் நான் மனதுக்குள் திட்டியது மாதிரி இவரைத் திட்ட முடியவில்லை. "இத எங்க கையிலேருந்து வாங்கித் தூரப் போடணும்ன்னுதானே மிஸ் பிள்ளையள இங்கிலீஷ் ஸ்கூலுக்கு விட்டிருக்கோம்? நீங்களே திருப்பிக் கையில குடுத்தா எப்படி?"

அர்த்தம்

"சவத்த விடுங்க மிஸ், ஒரு சினிமாப் பாட்டப் போட்டு முடிங்க" என்றார் எங்கள் கரஸ்பாண்டன்ட் சார். பள்ளிக்கூடத்துக்கு முதலாளி, தாளாளர் எல்லாம் அவர்தான். சினிமாப் பாட்டுக்கு மட்டும் ஒரு மதத்திலிருந்தும் ஒரு பைக்கும் வராது என்பதை அவர் அனுபவத்தில் கண்டவர். நானும் உட்கார்ந்து ஒன்றொன்றாகக் கேட்டேன். ஒன்றில் குடி, ஒன்றில் கொலை, ஒன்றில் அவன் அவளை எங்கே பார்க்கிறான் என்பதை விவரமாகவே சொல்கிறான். இதற்கு ஐந்து வயதுப் பிள்ளை இடுப்பில் கை வைத்து என்ன அபிநயம் பிடிக்கும்?

ஒரு அம்மா மட்டும் விடவில்லை. அதே வகுப்பு ஆன்றியாவின் அம்மா. அருமனைப் பக்கம் ரப்பர்த் தோட்டம் உள்ள குடும்பம், பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத்தில் அவர்கள் பெயர் பளிங்குக் கல்லில் இருக்கிறது. மகள் ஏற்கெனவே ஒரு பாட்டுக்கு வீட்டில் ஆடுகிறாளாம், செல்போனில் ஆயிரம் பேர் பார்த்தாயிற்றாம், அதையே வைத்துவிடலாமாம். எனக்கும் ஒருமுறை போட்டுக் காட்டினார். உதட்டைக் கடித்துக் கண்ணடிக்கிறது அந்தப் பச்சை மண். "இதுக்க அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஏதோ படிக்காதவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "அர்த்தம் பெரியவங்களுக்குத்தானே மிஸ், பிள்ளைங்களுக்கு என்ன?"

ரோஸ்

கடைசியில் நான் கண்டுபிடித்த வழி, வார்த்தையே இல்லாத பாட்டு. வெறும் இசை. முதலில் புல்லாங்குழல், பிறகு வயலின், கடைசியில் திடுதிடுவென்று ஒரு மேளம். பிள்ளைகள் எல்லாரும் பட்டாம்பூச்சி. பட்டாம்பூச்சி எந்தச் சாமிக்கும் வண்டி ஓட்டுவதில்லை, எந்தத் தொழிலும் செய்வதில்லை. கரஸ்பாண்டன்ட் சார் மனம் குளிர்ந்துபோனார். "வாய் இருந்தாத்தானே வம்பு" என்றார்.

ஆனால் பட்டாம்பூச்சிக்கு நிறம் வேண்டுமே. கோட்டாற்றில் டிரெஸ் வாடகைக்கு விடும் கடையில் நானும் தங்கக்காவும் ஒரு மத்தியானம் முழுக்க நின்றோம். காவி எடுத்தால் ஒரு கூட்டம், பச்சை எடுத்தால் ஒரு கூட்டம், சிவப்புக்கும் கறுப்புக்கும் தேர்தல் வாசனை, நீலத்துக்கும் ஆள் இருக்கிறது. வெள்ளை எடுத்தால் எழவு வீடா என்பார்கள். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி மூலையில் தூசி படிந்து கிடந்த ரோஸ் சிறகுகளை எடுத்தோம். தங்கக்கா அதைத் தட்டி உதறிக்கொண்டே சொன்னாள்: "ரோஸுக்கு மட்டும் இன்னும் எவனும் கட்சி தொடங்கல்ல போல."

எமன் வந்து கூப்பிட்டாலும்

இனி சொல்லப்போவது நம் தொழில் ரகசியம். நடனம் சொல்லிக்கொடுப்பது பெரிய காரியமே இல்லை. விழா அன்றைக்குக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று தாய் தகப்பன் "மக்ளே, இஞ்ச பாரு, டாட்டா காட்டு" என்று கூப்பிடுவார்களே, அதிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுவதுதான் காரியம். போன வருஷம் ஒரு பிள்ளை அம்மா குரல் கேட்டுத் திரும்பியது, அதைப் பார்த்து அடுத்தது திரும்பியது, ஒரு வரிசையே முதுகைக் காட்டிக் கையாட்டிக்கொண்டு நின்றது. ஒருவன் நேராக நடந்து போய் அப்பா கையிலிருந்த ஐஸை வாங்கி நக்கத் தொடங்கிவிட்டான். அதற்கு நான் வாங்கிய ஏச்சு எனக்குத்தான் தெரியும்.

அதனால் இந்த வருஷம் ஒரே சட்டம்: யார் கூப்பிட்டாலும் பார்க்கக் கூடாது. ஒத்திகையில் தங்கக்காவை ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஆசையாகக் கூப்பிடச் சொன்னேன். கையில் பிஸ்கட் வேறு. திரும்பிய பிள்ளை வெளியே வந்து உட்கார வேண்டும். முதல் நாள் பாதி வகுப்பு வெளியே உட்கார்ந்திருந்தது. ஷைனியைத் தங்கக்கா "தங்கமே, முத்தே, மாதா அனுப்பின பொன்னே" என்றெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள். பிள்ளையின் கண் இமைகூட அசையவில்லை. தங்கக்கா பிஸ்கட்டைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். "இது எமன் வந்து கூப்பிட்டாலும் திரும்பாது மிஸ்."

பளிச்

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கரஸ்பாண்டன்ட் சார் கிரவுண்டுக்கு வந்தார். வரிசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு கடையில் தக்காளி பொறுக்குவது மாதிரி, "நீ முன்னால வா, நீ பின்னால போ" என்று விரலை நீட்டத் தொடங்கினார். முடிந்த பிறகு பார்த்தால் முன்வரிசை முழுக்க வெளுப்பு. நடுவில் ஆன்றியா. கடைசி வரிசையில், சரியாக ஆன்றியாவின் முதுகுக்குப் பின்னால், ஷைனி. எனக்கு ஆத்திரமும் வெப்ராளமும் பொத்துக்கொண்டு வந்தது. "சார், நல்லா ஆடுகது அந்தப் பிள்ளதான்" என்றேன். சாரின் நிறத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லக் கூடாது. அவரைக் கடைசி வரிசையில் நிறுத்தினால் அவரையும் கண்டுபிடிக்க டார்ச் வேண்டும். "நான் யாரையும் குறையாச் சொல்லல்ல மிஸ். போட்டோல முன்வரிசை பளிச்சின்னு இருக்கணும், அவ்வளவுதான்."

விட்டுவிடுவேனா? ஆட்டத்தை மாற்றினேன். கடைசியில் மேளம் வருகிறதல்லவா? மேளம் கேட்டதும் முன்வரிசை இரண்டாகப் பிரிந்து சிறகை விரித்து நிற்கும். பின்வரிசை அந்த வழியாகப் பறந்து முன்னால் வரும். ஷைனி நட்டநடுவில் வந்து நின்று சுற்றுவாள். அவள் அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். முதலில் பின்னாலதான் நிற்பாள், மேளம் கேட்டதும் முன்னால நடுவில வந்துவிடுவாள், அப்போது பார்க்கச் சொல்லுங்கள் என்று. அந்த அம்மா முகம் ஒரு நொடி வாடியது, பிறகு தேறியது. "மேளந்தானே மிஸ்? அது அவியளுக்குக் கேட்டிரும்."

பாதிப் பாட்டு

சிறப்பு விருந்தினர் காலையில் வர வேண்டியவர், உச்சி வெயிலில் வந்தார். பெரிய மனிதர்கள் சீக்கிரம் வந்தால் அவர்கள் சின்ன மனிதர்களாகிவிடுவார்கள் போலிருக்கிறது. மேக்கப்காரர் எல்லாப் பிள்ளைகளின் முகத்திலும் ஒரே மாதிரி வெள்ளைப் பவுடரை அப்பி, கன்னத்தில் ரோஸ் தடவி, தலையில் பட்டாம்பூச்சிக் கொம்பு மாட்டி விட்டிருந்தார். பிள்ளைகள் சிறகைக் கட்டிக்கொண்டு அறையில் வேர்த்து வழிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஷைனியின் அம்மாவும் இன்னும் சிலரும் கூடவே இருந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பூச்சில் எந்தப் பிள்ளை எது என்று எனக்கே சட்டென்று தெரியவில்லை.

ஒருவழியாகப் பேச்செல்லாம் முடிந்து எங்கள் முறை வந்தது. புல்லாங்குழல் நன்றாகப் போயிற்று. வயலினும் போயிற்று. ஒரு பிள்ளை திரும்பவில்லை, ஒரு பிள்ளை கையாட்டவில்லை. மேளம் வர இன்னும் நாலு தாளம் இருக்கும். அப்போது விருந்தினர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவருக்கு வேறெங்கோ கல்யாணமாம். கரஸ்பாண்டன்ட் சார் மைக்செட்காரரைப் பார்த்துக் கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினார். பாட்டு நின்றது. பிள்ளைகள் சிறகை விரித்தபடியே நின்றார்கள். நான் ஓடிப்போய், "சார், இன்னும் ஒரு நிமிஷம், மேளம் மட்டும்" என்று கெஞ்சினேன். விருந்தினருக்குப் பொன்னாடையை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "பிள்ளையள் பாதி ஆடினா என்ன, முழுசா ஆடினா என்ன? டிரெஸ் போட்டாச்சுல்லா?"

வீடியோ

கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது, கையில் பெரிய பையும் செல்போனுமாக ஒருவர் என்னைத் தேடி வந்தார். வெயிலும் உப்புக் காற்றும் தின்ற முகம். "ஷைனிக்க அப்பா" என்றார். விமானம் தாமதமாகி, நேராகக் கிரவுண்டுக்கு வந்து சேரும்போது ஆட்டம் தொடங்கிவிட்டிருக்கிறது. மனைவி போனில் சொன்னதில் "முன்னால நடுவுல" என்பதுதான் அவர் மனதில் நின்றிருக்கிறது. மேளம் முடிந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்த வீடியோவைப் போட்டு என் முன்னால் நீட்டினார். முன்வரிசை நடுவில் ஆன்றியா. தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் ஆன்றியா. அதற்கு மேல் இவர் குரல்: "ஷைனீ... மக்ளே ஷைனீ... இஞ்ச பாரு, அப்பா வந்திருக்கேன்..." சிரித்துக்கொண்டுதான் காட்டினார். ஆனால் கண் சிரிக்கவில்லை. "தொண்ட வலிக்கக் கூப்பிட்டேன் மிஸ், ஒருக்கா கூடத் திரும்பல்ல. போன தடவ என்னப் பாத்து அழவாவது செய்தா."

அது உங்கள் பிள்ளை இல்லை என்று ஒரு தகப்பனிடம் எந்த வாயால் சொல்வது? நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே ஷைனியை அவள் அம்மா கூட்டி வந்தாள். பவுடரும் வேர்வையும் குழைந்த முகம், ஒரு பக்கம் தொங்கும் சிறகு. அவர் பிள்ளையைப் பார்த்தார், செல்போனைப் பார்த்தார், திரும்பவும் பிள்ளையைப் பார்த்தார். ஷைனி எட்டிப் படத்தைப் பார்த்து, ஆன்றியாவின் தோளுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த ஒரு ரோஸ் சிறகு நுனியில் விரலை வைத்து, "இதாக்கும் நான்" என்றாள்.

அவர் அப்படியே தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து அவள் கன்னத்தைத் துடைத்தார். பவுடர் போய் அவருடைய நிறமே வெளியே வந்தது. "அப்பம் அப்பா கூப்பிட்டது உனக்குக் கேக்கல்லியா மக்ளே?" என்று கேட்டார். பிள்ளை ஒருமுறை என் முகத்தைப் பார்த்தது, பேசலாமா என்று அனுமதி கேட்பது மாதிரி. பிறகு சொன்னது: "கேட்டிச்சு. யாரு கூப்பிட்டாலும் பாக்கக் கூடாதுன்னு மிஸ் சொல்லிருக்காவ."

சாமி, தொழில், கட்சி, நிறம் என்று எந்தப் பெரியவர் மனமும் நோகாத ஒரு பாட்டைக் கண்டுபிடித்ததற்காக ஆண்டறிக்கையில் என்னைப் பாராட்டி ஒரு வரி எழுதியிருக்கிறார்கள், சகோதரிகளே. சின்னவர்கள் யாரும் புகார் கொடுக்க பைக்கில் வரவில்லை.